மூட்டில் அடிபட்ட குதிரை: டாக்டர் வருவதற்கு முன்பும் போன பிறகும்

என் அப்பா காட்பாடி ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டியவர். அந்தத் தொழிலின் கடைசி நுனியைப் பிடித்துக்கொண்டு நான் காலம் தள்ளுகிறேன்: கல்யாண ஊர்வலம், கோயில் திருவிழா, ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குச் சவாரி. தொரப்பாடி பக்கம் ஒரு லாயம், அதில் நான்கு உருப்படி. புதிதாகக் குதிரை வாங்கிய தம்பிகள் போன் செய்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணே, கால்ல காயம், இன்னா போடலாம்?" நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: "எந்த எடத்துல?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு குதிரை இருக்கிறது. மல்லி என்று பெயர், வெள்ளைப் பெட்டை. பொய்கை சந்தை ரோட்டில் ஒரு வேர்க்கடலைக் காட்டோரம் மேயவிட்டபோது முள்கம்பியில் முன்னங்காலை மாட்டிக்கொண்டது. குளம்புக்கு மேலே கணு இருக்கிறதே, அதன் வெளிப்பக்கத்தில் ஒரு ஓட்டை. ஒரு ரூபாய்க் காசு அளவுகூட இல்லை. ரத்தமும் அதிகம் வரவில்லை. இரண்டு கிலோமீட்டர் நொண்டாமல் நடந்து வீட்டுக்கு வந்தது. மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் குழைத்து ஓட்டையில் அடைத்துக் கட்டினேன். மறுநாளும் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் விடியற்காலையில் பார்த்தால் குளம்பின் முனையை மட்டும் தரையில் தொட்டுக்கொண்டு நிற்கிறது. உடம்பெல்லாம் வியர்வை, கொள்ளைத் தொடவில்லை. டாக்டர் வந்து மூட்டிலிருந்து நீர் எடுத்தார். சிரிஞ்சில் வந்தது மோர் மாதிரி இருந்தது.

மூன்று முறை மூட்டைக் கழுவினார்கள். உயிர் பிழைத்தது. ஆனால் கணு இறுகிப்போய் மடங்கவே இல்லை. அப்புறம் அது செத்துப்போகும்வரை வேலையில்லாமல் என் லாயத்தில் நின்றது. நான் போட்ட மஞ்சள்தான் கெடுத்தது என்று டாக்டர் சொல்லவில்லை. "ரெண்டு நாள் போச்சே ஐயா" என்று மட்டும் சொன்னார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

காயம் எத்தனை பெரிது என்பது முக்கியமில்லை

குதிரையின் தொடையில் ஒரு முழத்துக்குத் தோல் கிழிந்து சதை தொங்கினால் பார்க்கப் பயங்கரமாக இருக்கும். தைத்தால் பெரும்பாலும் ஆறிவிடும். கணுவிலோ முட்டியிலோ பென்சில் முனை அளவு ஒரு ஓட்டை விழுந்தால் ஆளே கவனிக்கமாட்டான். அதுதான் குதிரையைக் கொல்லும். கால் கீழ்ப்பகுதியில் தோலுக்கும் மூட்டுக்கும் நடுவே சதையே கிடையாது. மூட்டைச் சுற்றி ஒரு மெல்லிய பை, அதற்குள் வழவழப்பான நீர். வெளிக்கிருமி அங்கே புகுந்தால் அதற்கு ஊறப்போட்ட மாவு கிடைத்த மாதிரி. எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு அரிக்கத் தொடங்கும். அரித்துப்போன குருத்தெலும்பு மறுபடி பழையபடி வளராது.

அப்படியானால் மல்லி ஏன் இரண்டு நாள் நொண்டவில்லை? எனக்கும் இது வெகுநாள் புரியவில்லை. ஓட்டை திறந்திருக்கும்வரை உள்ளே சேரும் நீர் வெளியே வடிந்துவிடும், அழுத்தம் ஏறாது, வலியும் தெரியாது. ஓட்டை மூடிக்கொண்ட பிறகுதான் உள்ளே சீழ் சேர்ந்து மூட்டு வெடிக்கிற மாதிரி வலிக்கும். ஓட்டையில் எதையாவது வைத்து அடைத்தால் அந்த நேரத்தை நாமே சீக்கிரம் கொண்டுவருகிறோம். அதனால் மூட்டிலிருந்து நான்கு விரல் தூரத்துக்குள் காயம் இருந்தால், குதிரை துள்ளி ஓடினாலும் சரி, உள்ளே போயிருக்கிறது என்றே வைத்துக்கொண்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். இல்லை என்று அவர் சொல்லட்டும்.

வடிகிற நீரை ஒரு முறை கவனியுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, காயத்துக்குக் கீழே தோலில் வழிந்திருப்பதை மட்டும் இரண்டு விரலால் தொட்டுப் பிரித்துப் பாருங்கள். வெண்டைக்காய் நறுக்கிய கத்தியில் இழுபடுமே, அந்த மாதிரி மஞ்சளாக ஒரு நூல் இழுத்தால் அது மூட்டு நீர். சும்மா தண்ணீர் மாதிரி இருந்தால் நிம்மதி என்று அர்த்தமில்லை, கிருமி பிடித்தால் அந்தக் கொழகொழப்பு போய்விடும். காயத்துக்குள் விரலையோ குச்சியையோ விட்டு ஆழம் பார்க்கவே கூடாது. அதைச் செய்பவர்கள் நம் ஊரில் நிறைய.

டாக்டர் வரும்வரை

முதலில் குதிரையை இருக்கும் இடத்திலேயே நிறுத்துங்கள். பிறகு போன். அரசு கால்நடை மருத்துவமனை டாக்டரின் நம்பர் கையில் இல்லையென்றால் 1962-க்கு அடியுங்கள், கால்நடை அவசர ஊர்திக்கான எண் அது. போனில் "கால்ல அடி சார்" என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது. எந்தக் கால், எந்த மூட்டு, உள்பக்கமா வெளிப்பக்கமா, எத்தனை மணிக்குப் பட்டது, எதில் பட்டது, பாரம் வைக்கிறதா, கடைசியாக எப்போது ரணஜன்னிக்கு ஊசி போட்டது, இவ்வளவையும் சொல்லுங்கள். ரணஜன்னி என்றால் டெட்டனஸ். வீட்டு விலங்குகளில் அதற்கு மிகச் சுலபமாக மாட்டுவது குதிரைதான், அந்த ஊசியை மட்டும் மறக்கக்கூடாது. ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். காயத்தை மட்டும் எடுக்காமல் முழு மூட்டும் தெரிகிற மாதிரி எடுங்கள்.

காய்ச்சல் பாருங்கள். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்தால் 99.5 முதல் 101.3 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சரி. நாடித்துடிப்பு அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 28 முதல் 44. வலி அதிகமானால் அறுபதைத் தாண்டும்.

காயத்தை சலைன் ஊற்றி மேலாகக் கழுவுங்கள். இந்த ஒரு விஷயத்தில் வேலூர்க்காரன் கொடுத்துவைத்தவன். ஆற்காடு ரோட்டில் நடுராத்திரியிலும் மருந்துக்கடை திறந்திருக்கும். சலைன் பாட்டில், ஸ்டெரைல் கையுறை, பஞ்சு ரோல், கிரேப் பேண்டேஜ், போவிடோன் அயோடின் எல்லாம் ஒரே கடையில் கிடைக்கும். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ரயிலேறி முட்டி வலிக்கு வைத்தியம் பார்க்க வருகிற ஊர் இது. குதிரைக்கு முட்டி என்றால் நாங்கள் சென்னைக்கு ஓடுகிறோம், அது வேறு கதை.

போவிடோனை அப்படியே ஊற்றாதீர்கள். சலைனில் கலந்து, லேசான கட்டங்காபி நிறம் வந்தால் போதும். ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டாம், நுரைப்பதைப் பார்த்து மனசுக்குத்தான் திருப்தி. மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு, பழைய இன்ஜின் ஆயில், களிம்பு, பவுடர் எதுவும் வேண்டாம். மேலே சலைனில் நனைத்த காஸ் துணி, அதற்கு மேல் பஞ்சு, அதற்கு மேல் கிரேப். பஞ்சு தாராளமாக இருக்கட்டும், பஞ்சில்லாமல் இறுக்கிக் கட்டினால் பின்பக்கத் தசைநார் நசுங்கும். சுற்றும்போது காலின் முன்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகப் பின்னால் கொண்டுபோய் உள்பக்கம் வழியே முன்னால் கொண்டுவாருங்கள். கட்டி முடித்ததும் மேல் ஓரத்தில் ஒரு விரல் நுழைய வேண்டும்.

கால் தாறுமாறாகத் தொங்கினாலோ கணு தரையைத் தொடுகிற அளவு இறங்கினாலோ அது எலும்பு அல்லது தசைநார் முறிவு. அப்போது ஒரு அடிகூட நடத்தக்கூடாது. பஞ்சு ரோல்களை ஒன்றன்மேல் ஒன்றாக, ஒவ்வொரு சுற்றையும் கிரேப்பால் இறுக்கி, கால் மூன்று மடங்கு பருமனாகும்வரை கட்ட வேண்டும். அதன் மேல் நான்கு அங்குல பிவிசி குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து வைத்துக் கட்டலாம். போர்வெல் போட்ட எந்த வீட்டிலும் ஒரு துண்டு கிடக்கும். குழாயின் முனை தோலில் குத்தாமல் பஞ்சுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

குளம்பில் ஆணி ஏறியிருந்தால் பிடுங்கத்தான் கை துறுதுறுக்கும். பிடுங்காதீர்கள். குளம்பின் நடுவில் ஏறிய ஆணி உள்ளே இருக்கும் மூட்டையோ அதன் பக்கத்துப் பையையோ தொட்டிருக்கலாம். ஆணி இருக்கும்போதே எக்ஸ்ரே எடுத்தால்தான் எதுவரை போயிருக்கிறது என்று தெரியும். ஆணியின் இருபக்கமும் மரக்கட்டை வைத்துக் கட்டி, மிதிக்கும்போது அது மேலும் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படி வைக்க முடியவே முடியாது என்றால் பிடுங்கலாம். ஆனால் ஏறிய இடத்தையும் சாய்வையும் போட்டோ எடுத்துவிட்டு, ஓட்டையைச் சுற்றி மார்க்கரால் வட்டம் போட்டுவிட்டுப் பிடுங்குங்கள். எடுத்த ஆணியையும் பத்திரமாக வையுங்கள்.

வலி மருந்து? டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். மாட்டுக்கு வாங்கிய மிச்ச ஊசியைப் போட்டுவிட்டு வாயைத் திறக்காமல் நிற்பவர்களால் டாக்டருக்கு நொண்டலின் உண்மை தெரியாமல் போகிறது. குதிரைக்குக் கொடுக்கும் ஃபினைல்பியூட்டசோனை ரத்தக்குழாயில்தான் போட வேண்டும், சதையில் போட்டால் அந்த இடமே அழுகும். டைக்ளோஃபெனாக் பக்கமே போகாதீர்கள். அது ஏறிய பிணத்தைத் தின்று கழுகுகள் கூட்டம்கூட்டமாகச் செத்ததால் 2006-லேயே கால்நடைகளுக்கு அதைத் தடை செய்துவிட்டார்கள். ஆன்டிபயாட்டிக்கும் அப்படித்தான். நீர் எடுப்பதற்கு முன்னால் அரைகுறையாக ஒரு டோஸ் ஏற்றினால் பரிசோதனையில் கிருமி முகத்தைக் காட்டாது.

டாக்டர் வந்ததும் நடப்பது

என் இன்னொரு குதிரை முத்துவை வைத்தே சொல்கிறேன். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்துபோனது நினைவிருக்கும். தண்ணீர் வடிந்த பிறகு கரையெல்லாம் தகரமும் கம்பியும் கிடந்தன. டிசம்பரில் ஒரு நாள் முத்து அதில் ஒரு தகரத்தைப் பின்னங்காலால் உதைத்துவிட்டது. மறுபடியும் கணு, இந்த முறை வலது பின்னங்கால். காலை ஆறு மணிக்குப் பார்த்தேன், ஆறரைக்கு போன் செய்தேன். ஒன்பதரைக்கு டாக்டரம்மா வந்தார். சின்ன வயசு. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இத்தினூண்டு காயத்துக்கா டாக்டரு?" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

அவர் வருவதற்குள் செய்து வைத்தவை: லாயத்துச் சாணியை அள்ளி, தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கினேன். மின்விசிறியை நிறுத்தினேன். முடி வெட்டும் மெஷினுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்தேன். தீவனத்தை எடுத்துவிட்டேன், மயக்க ஊசி போட்ட குதிரை வாயில் தீவனம் இருந்தால் தொண்டையில் அடைக்கும். கோழிகளையும் பேரப்பிள்ளைகளையும் விரட்டினேன்.

குதிரையைப் பிடிப்பவர் டாக்டர் எந்தப் பக்கம் குனிந்திருக்கிறாரோ அந்தப் பக்கமே தலையருகே நிற்க வேண்டும். அப்போதுதான் குதிரை திமிறினால் தலையைத் தன் பக்கம் இழுத்து அதன் பின்பாகத்தை டாக்டரிடமிருந்து விலக்க முடியும். இது தெரியாமல் எதிர்ப்பக்கம் நின்று பராக்குப் பார்க்கும் ஆட்களால் எத்தனையோ டாக்டர்கள் உதை வாங்கியிருக்கிறார்கள். மயக்கத்தில் தலையைத் தொங்கப்போட்டு நிற்பதால் உதைக்காது என்று நினைக்காதீர்கள். சைலசீன் என்ற மயக்க ஊசி போட்ட குதிரை முன்னறிவிப்பு இல்லாமல் குறிபார்த்து உதைக்கும்.

டாக்டரம்மா காயத்துக்கு எதிர்ப்பக்கம், நல்ல தோலாகப் பார்த்து முடியை மழித்தார். அப்புறம் தேய்த்தார், தேய்த்தார், தேய்த்துக்கொண்டே இருந்தார். கடிகாரத்தில் பத்து நிமிடம். நமக்குப் பொறுமை போகும். ஆனால் மூட்டுக்குள் ஊசி விடும் டாக்டர் இந்தப் பத்து நிமிடத்தைச் செலவழிக்கவில்லையென்றால் அவரிடம் குதிரையைக் காட்டாதீர்கள். கிருமி இல்லாத மூட்டில் கிருமியை வைத்துவிட்டுப் போக ஒரு ஊசி போதும். வீங்கிச் சிவந்த தோல் வழியாகவும் ஊசியை விட மாட்டார்கள், காரணம் அதேதான்.

ஊசி உள்ளே போனதும் நீர் சொட்டியது. இளமஞ்சள், கொஞ்சம் கலங்கல். ஊதா மூடி போட்ட குப்பியில் கொஞ்சம், கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்க, கொஞ்சம். பிறகு அதே ஊசி வழியாகச் சிரிஞ்சு சிரிஞ்சாக சலைனை உள்ளே தள்ளினார். "ஐயா, அந்தப் பக்கம் காயத்தையே பாத்துட்டிருங்க" என்றார். குத்துக்கால் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். கணு மெதுவாக உப்பியது. முதல் சிரிஞ்சுக்கு ஒன்றுமில்லை. இரண்டாவது பாதி போகும்போது காயத்தின் உதட்டில் ஒரு துளி முத்தாகத் திரண்டது, வழிந்தது, பின்னாலேயே அடுத்தது. அவ்வளவுதான், மூட்டு திறந்திருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். மல்லிக்கு அன்றைக்கே இதைச் செய்திருந்தால் என்று அந்த நேரத்திலும் நினைத்தேன்.

பரிசோதனைத் தாளைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள், கஷ்டமில்லை. நல்ல மூட்டு நீரில் ஒரு மைக்ரோலிட்டருக்கு வெள்ளை அணுக்கள் ஐந்நூறு வரை இருக்கும், ஆயிரத்தைத் தாண்டாது. புரதம் டெசிலிட்டருக்கு 2 கிராமுக்குக் கீழ். வெள்ளை அணு 30,000-ஐத் தாண்டி, புரதம் 4-க்கு மேல் போய், அணுக்களில் பெரும்பங்கு நியூட்ரோஃபில் என்ற வகை என்று போட்டிருந்தால் கிருமி பிடித்துவிட்டது என்றே வைத்தியம் செய்வார்கள். அடிபட்ட சில மணி நேரத்தில் எடுத்த நீரில் எண்ணிக்கை இன்னும் ஏறாமல் இருக்கலாம். கல்ச்சரில் எதுவும் வளரவில்லை என்று வந்தாலும் கிருமி இல்லை என்று கொண்டாடாதீர்கள், மூட்டு நீரில் அடிக்கடி அப்படித்தான் வரும்.

கழுவுதல்

மூட்டுக்குள் கிருமி புகுந்தால் மருந்து மட்டும் போதாது, கழுவித்தான் ஆக வேண்டும். அதில் இரண்டு வழி. முதலாவது, மூட்டின் ஒரு பக்கம் தடித்த ஊசியை வைத்து திரவத்தை உள்ளே விட்டு மறுபக்கம் இன்னொரு ஊசி வழியாக வெளியேற்றுவது. இது லாயத்திலேயே, நிற்க வைத்தும் செய்யலாம். ரிங்கர் லாக்டேட் ஐந்து லிட்டராவது ஓட வேண்டும். நம் கடைகளில் கிடைப்பது அரை லிட்டர் பாட்டில் என்றால் பத்து வாங்கி வையுங்கள், ஒன்று தீரும்போது அடுத்தது கையில் தயாராக இருக்க வேண்டும். இரண்டாவது ஆர்த்ரோஸ்கோப்பி. குதிரையை முழுமயக்கத்தில் படுக்க வைத்து, சின்னத் துளை வழியே கேமராவை மூட்டுக்குள் விட்டுப் பார்த்துக்கொண்டே கழுவுவது.

கையில் காசும் குதிரைக்கு வலுவும் இருந்தால் இரண்டாவதுதான் சிறந்தது. டாக்டரம்மாவும் அதையே சொன்னார். ஊசி வழியே ஓடும் தண்ணீர் உள்ளே சிக்கிய குப்பையை வெளியே கொண்டுவராது. முத்துவின் கணுவுக்குள் நெல் அளவு ஒரு துருத்துணுக்கும் நாலைந்து முடியும் இருந்தன. கேமராவில் அந்த முடி, திரவ ஓட்டத்தில் பாசி மாதிரி அசைந்ததைக் காட்டினார்கள். பத்து பாட்டில் இல்லை, நூறு பாட்டில் ஓட்டியிருந்தாலும் அது அங்கேயே இருந்திருக்கும்.

பெரிய பிராணிகளுக்கு அறுவை செய்யும் வசதி என்றால் நமக்குச் சென்னைதான். 1903-ல் தொடங்கி, இப்போது வேப்பேரியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியைத்தான் இந்தப் பக்கத்து டாக்டர்கள் முதலில் சொல்வார்கள். கிளம்பும் முன் உங்கள் டாக்டரையே அங்கே பேசச் சொல்லுங்கள். அறுவை செய்பவரும் மயக்க டாக்டரும் அன்றைக்கு இருக்கிறார்களா என்று தெரியாமல் 140 கிலோமீட்டர் போகாதீர்கள்.

வண்டியில் ஏற்றுவது தனிக் கலை. சின்ன யானை என்கிற டாடா ஏஸ் வேண்டாம், குதிரை நகர்ந்தாலே ஆடும். ஈச்சர் மாதிரி வண்டியாகப் பாருங்கள். நம்மிடம் சாய்தளம் ஏது, வரப்போ மண்மேடோ பார்த்து வண்டியின் பின்கதவை ஒட்டி நிறுத்தினால் குதிரை சமமாக நடந்து ஏறிவிடும். முன்னங்காலில் அடி என்றால் குதிரையின் முகம் வண்டியின் பின்பக்கம் பார்க்க வேண்டும், பின்னங்காலில் அடி என்றால் முன்பக்கம். பிரேக் போடும்போது பாரம் முழுவதும் வண்டியின் முன்பக்கமாகத்தான் சாயும், அப்போது நல்ல கால்கள் அங்கே இருக்க வேண்டும். இறங்கும்போதும் மேடு வேண்டும், போகிற இடத்தில் இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தலைக்கயிற்றைக் கொஞ்சம் தளர்வாகவே கட்டுங்கள், தலையை ஏற்றி இறக்கித்தான் குதிரை உடம்பைச் சமன் செய்துகொள்ளும். வாலாஜாவில் ஒரு முறை, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு முறை நிறுத்திக் கட்டைப் பார்த்தேன்.

முழுமயக்கம் என்றால் முன்கூட்டியே லாடத்தைக் கழற்றச் சொல்வார்கள், வாயைக் கழுவுவார்கள். அறுவையைவிட ஆபத்தானது மயக்கம் தெளிந்து எழும் நேரம். முக்கால் மயக்கத்தில் எழுந்து விழுந்து காலை முறித்துக்கொள்ளும் குதிரைகள் உண்டு. கையெழுத்து போடும்போது இதைச் சொல்வார்கள், பயமுறுத்துகிறார்கள் என்று நினைக்காதீர்கள்.

கழுவிய பிறகு மூட்டுக்குள்ளேயே அமிகாசின் போன்ற ஆன்டிபயாட்டிக் மருந்தை வைப்பார்கள். அடுத்தடுத்த நாட்களில் காலுக்கு மட்டும் மருந்து ஏற்றுவது ஒன்று உண்டு. காலின் மேல்பகுதியில் அகலமான ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டி ரத்த ஓட்டத்தை நிறுத்தி, கட்டுக்குக் கீழே ரத்தக்குழாயில் மருந்தைச் செலுத்தி இருபது முப்பது நிமிடம் அப்படியே விடுவது. மருந்து முழுவதும் அந்தக் காலிலேயே தேங்கி நிற்கும். குதிரை அசைந்தால் பட்டைக்கு அடியில் மருந்து நழுவி மேலே போய்விடும். ஆகவே அந்த அரை மணி நேரம் அதை அசையாமல் வைத்திருப்பதுதான் நம் வேலை. நான் முத்துவின் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு அப்பா ஜட்காவில் பாடியதை எல்லாம் முணுமுணுத்தேன். கட்டை அவிழ்ப்பது டாக்டர் சொன்ன நேரத்தில், அவர் கையால்.

வீட்டுக்கு வந்த பிறகு

எல்லோரும் அடிபட்ட காலையே பார்ப்பார்கள். நீங்கள் எதிர்க்காலைப் பாருங்கள். ஒரு காலில் பாரம் வைக்காத குதிரை அதன் ஜோடிக் காலில் நாள்கணக்காக நின்றால், அந்தக் குளம்புக்குள் ரத்த ஓட்டம் கெட்டு குளம்பு வெந்துபோகும். லேமினைட்டிஸ் என்பார்கள். மூட்டு ஆறிக்கொண்டு வரும்போது நல்ல கால் போய்விட்டால் அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. காலையும் மாலையும் அந்தக் குளம்பில் உள்ளங்கையை வைத்துச் சூடு பாருங்கள். கணுவின் பின்புறம் இரு பக்கமும் விரல் வைத்தால் நாடி தெரியும். சாதாரணமாகத் தேடித்தான் பிடிக்க வேண்டும், தேடாமலே விரலில் துள்ளினால் உடனே டாக்டர்.

படுக்கை தடிமனாக இருக்கட்டும். இந்தப் பக்கம் வேர்க்கடலைத் தொலி மலிவாகக் கிடைக்கிறது, பூசணம் பிடிக்காததாகப் பார்த்து வாங்கி அரை முழத்துக்குப் பரப்பினேன். மணலும் நல்லதுதான். ஆனால் மணலில் தீவனத்தைக் கொட்டாதீர்கள், மணலையும் சேர்த்துத் தின்று வயிற்றுவலி வரும், தொட்டியில் வையுங்கள். கொள்ளைக் குறையுங்கள். "பாவம், நோஞ்சான் ஆயிடுச்சி" என்று கொள்ளும் வெல்லமும் ஊட்டுகிற பாசம் இருக்கிறதே, நிற்கிற குதிரைக்கு அது விஷம். காய்ந்த புல், தண்ணீர், உப்புக்கட்டி போதும்.

கட்டு நனைந்தால் அன்றே மாற்ற வேண்டும். மருந்தின் நடுவே நொண்டல் குறைந்துகொண்டே வர வேண்டும். நேற்றைவிட இன்று மோசம் என்றால் காத்திருக்காதீர்கள், மறுபடி கழுவ வேண்டியிருக்கலாம். முத்துவுக்கு இரண்டாம் முறை தேவைப்படவில்லை. தையலைப் பதினான்காம் நாள் பிரித்தார்கள். அதன் பிறகு கையில் பிடித்து நடத்துவது, முதலில் ஐந்து நிமிடம், டாக்டர் சொல்லச் சொல்லக் கூட்டுவது. மெத்தென்று இருக்கிறதே என்று பாலாற்று மணலில் நடத்தப் போகாதீர்கள். கால் புதைகிற மணலில் தசைநார் இழுபடும், இறுகிய மண்தரைதான் சரி. கணு இறுகாமல் இருக்க, காலைத் தூக்கி மெல்ல மடக்கி நீட்டுவதையும் டாக்டரம்மா காட்டிக்கொடுத்தார். குதிரை இழுக்கும் அளவுக்கு மடக்கக்கூடாது.

வயசான குதிரைக்கு மூட்டு ஊசி

இது வேறு விஷயம், ஆனால் இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். தார் ரோட்டில் வருடக்கணக்காக ஓடிய குதிரைக்கும், கல்யாண வீட்டில் பின்னங்காலில் நிற்க வைத்து ஆட்டம் காட்டும் குதிரைக்கும் மூட்டு தேயும். ஆட்டக் குதிரை கேட்டு வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன், என் வருமானம் குறைந்ததுதான் மிச்சம். தேய்ந்த மூட்டுக்கு டாக்டர் முதலில் மரத்துப்போகும் ஊசியை இடம் இடமாகப் போட்டு எந்த மூட்டு வலிக்கிறது என்று கண்டுபிடிப்பார். ஊசிக்குப் பிறகு நொண்டல் நின்றால் அதுதான் இடம். எக்ஸ்ரேயும் எடுப்பார். பிறகு ஸ்டீராய்டோ, மூட்டுக்கு வழவழப்புத் தரும் ஹயலுரோனிக் அமிலமோ, இரண்டும் சேர்த்தோ மூட்டுக்குள் போடுவார்.

ஊசிக்குப் பின் ஓரிரு நாள் லாயத்திலேயே நிற்கட்டும், ஒரு வாரத்துக்கு வண்டி வேண்டாம். இடையில் மூட்டு வீங்கி நொண்டினால் மருந்தின் எரிச்சல்தான் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள், கிருமியாகவும் இருக்கலாம், நீர் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். பக்கத்தில் எங்காவது புண் இருந்தால், அல்லது உள்ளே கிருமி இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், ஸ்டீராய்டு கூடவே கூடாது. முன்பு லேமினைட்டிஸ் வந்த குதிரை என்றால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

என் அப்பா காலத்தில் தேய்ந்த மூட்டுக்குப் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு போடுவார்கள். நொண்டல் கொஞ்சம் குறைந்த மாதிரி தெரியும். சூட்டுப்புண் ஆறும்வரை ஒரு மாதம் வேலை வாங்காமல் விட்டோமே, அந்த ஓய்வினால் குறைந்தது அது. சூடு போடாமலே ஓய்வு கொடுத்திருக்கலாம்.

முத்துவுக்கு இப்போது வலது பின்கணு இடதைவிடக் கொஞ்சம் தடிமன். மார்கழிக் குளிரில் முதல் பத்தடி விறைப்பாக வைக்கும், பிறகு சரியாகிவிடும். பிள்ளைகளைச் சுமக்கிறது, கல்யாணத்துக்குப் போகிறது, ஓட்டம் மட்டும் கிடையாது. சேணம் கட்டுவதற்கு முன் தினமும் இரண்டு கணுவையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் பிடித்துப் பார்ப்பேன். போன வெள்ளிக்கிழமை வலது பக்கம் கொஞ்சம் சூடாகப் பட்டது. சத்துவாச்சாரியில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம் இருந்தது, வேறு குதிரையை அனுப்பிவிட்டேன்.